இலவச பிபி முகாமில் ஆரம்பித்து 11,800 ரூபாய் போனது, உஷார்

நேற்று மாலைதான் அவர்களிடம் கடைசியாகச் சண்டை போட்டுவிட்டு வந்தேன். பெயர் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். சென்னையில் நாலைந்து கிளை வைத்திருக்கும் ஒரு ஸ்கேன் சென்டர், அவ்வளவுதான் சொல்வேன்.

போன மாதம் எங்கள் அபார்ட்மெண்டில் இலவச பிபி முகாம் போட்டார்கள். "அப்பாவுக்கு எந்த வயசுல சார் அட்டாக் வந்தது?" என்று அந்தப் பெண் கேட்டார். 52 என்றேன். "உங்களுக்கு இப்போ?" 47. எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார் பாருங்கள், அங்கேதான் விழுந்தேன். நெஞ்சுவலி இல்லை, மூச்சு வாங்கியதில்லை. நின்ற இடத்திலேயே சிடி ஆஞ்சியோவுக்கு, அதாவது சாய ஊசி போட்டு இதய ரத்தக்குழாய்களைப் படம் எடுக்கும் ஸ்கேனுக்கு, 11,800 ரூபாய் கட்டினேன்.

ஸ்கேன் அன்று நாடித்துடிப்பு 88. அதிகமாக இருக்கிறதே என்றேன். "புது மெஷின் சார், அதுவே பார்த்துக்கும்" என்றார் டெக்னீஷியன். மாத்திரை கொடுத்து 60 பக்கம் இறக்கிவிட்டு எடுப்பதுதான் வழக்கம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ரிப்போர்ட்டில் 70 சதவீத அடைப்பு! நாலு ராத்திரி வீட்டில் யாரும் தூங்கவில்லை.

வேறொரு இதய மருத்துவர் ஸ்கேன் படங்கள் இருந்த டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தார். "துடிப்புல கலங்கிப்போன படம். இதை வச்சு 70ம் சொல்ல முடியாது, 7ம் சொல்ல முடியாது." நடக்கவிட்டு இசிஜி எடுக்கும் டிரெட்மில் டெஸ்ட் நார்மல். சிடி ஆஞ்சியோ அடைப்பு இல்லை என்றால் பெரும்பாலும் நம்பலாமாம். இருக்கிறது என்றால்தான் யோசிக்க வேண்டுமாம், சுண்ணாம்பு படிந்த இடத்தை ஊதிக் காட்டுமாம். அறிகுறி இல்லாத என் போன்றவர்களுக்கு, தேவைப்பட்டால், ரத்தக்குழாயில் படிந்த சுண்ணாம்பை அளக்கும், சாய ஊசி இல்லாத கால்சியம் ஸ்கோர் ஸ்கேனே போதும். கதிர்வீச்சும் குறைவு, சுமார் 1 மில்லிசீவர்ட்தான்.

சென்டரில் கேட்டால், "டாக்டர் சைன் பண்ணிட்டார் சார், மாத்த முடியாது." திரும்ப எடுத்துத் தாருங்கள் என்றால் திரும்பக் கட்ட வேண்டுமாம். மேனேஜர் மூன்று நாளாக லஞ்சில் இருக்கிறார். முகாமுக்கு வந்த பெண்ணிடமிருந்து வெறும் நீல டிக். 11,800 ரூபாய்!

விவரமாக டிப்ஸ் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. முகாமில் பணம் கட்டாதீர்கள். உங்கள் டாக்டர் எழுதித் தராமல் போகாதீர்கள். சாய ஊசிக்கு முன் கிரியாட்டினின் (கிட்னிக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்தார்களா, சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்களா, கவனியுங்கள். எனக்கு இரண்டுமே செய்யவில்லை. ஸ்கேன் படங்கள் உள்ள டிஸ்க்கைக் கையோடு வாங்கிவிடுங்கள், எனக்கு அதற்குத் தனியாக 500 பிடுங்கினார்கள். ஆக 11,800 இல்லை, 12,300.