கிரில்லுக்கு 12 அடி எரிவாயு ஹோஸ்: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

சிலிண்டர் மாற்றி அலுத்துப்போய், வீட்டுக்கு வரும் இயற்கை எரிவாயுவிலேயே வெளிப்புற கிரில்லை (கறி சுடும் அடுப்பை) எரிக்க நினைப்பவர்கள் வாங்குவது இந்த 3/8 அங்குல க்விக் கனெக்ட் செட்டைத்தான். ஹோஸ், அதன் நுனியில் பித்தளை பிளக், குழாயில் மாட்டும் சாக்கெட். அவ்வளவுதான் பெட்டிக்குள் இருக்கும்.

செட்டின் உயிர் சாக்கெட்டில் இருக்கிறது. வளையத்தைப் பின்னுக்கு இழுத்து, பிளக்கை முழுக்க அழுத்தி, வளையத்தை விட்டால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். பிளக்கை உருவினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வால்வு தானாக மூடிவிடும். அதனால் சாக்கெட் கட்டாயம் வீட்டுக் குழாயின் பக்கம்தான் இருக்க வேண்டும். கிரில் பக்கம் மாட்டிவிட்டால், கழற்றிய நொடியில் ஹோஸின் திறந்த வாய் வழியே எரிவாயு கொட்டும். இவ்வளவு முக்கியமான விஷயத்தைத் துண்டுச் சீட்டில் ஒரு பொடிப் படமாகப் போட்டு முடித்துவிடுகிறார்கள்; கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்க வேண்டும்.

இன்னொரு குறை, பால் வால்வு (ball valve, கைப்பிடியைத் திருப்பி எரிவாயுவை அடைக்கும் வால்வு) செட்டில் வருவதில்லை. தனியாக வாங்கி, வீட்டுக் குழாய்க்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் வையுங்கள். ஸ்பிரிங்கை மட்டும் நம்பிக் குழாயைத் திறந்தே விடக்கூடாது. வீட்டுக் குழாயில் கிளை எடுக்கும் வேலை உரிமம் பெற்ற எரிவாயு ஆளுக்கு உரியது.

மாட்டும்போது அதிகம் தப்பு நடப்பது மரையில்தான். நுனி நோக்கிக் குறுகும் கூம்பு மரைக்கு எரிவாயுவுக்கான மஞ்சள் டேப் வேண்டும். ஃபிளேர் நட்டுக்கு (சரிவான முகத்தோடு முகம் அழுந்தி அடைக்கும் இணைப்பின் நட்டுக்கு) டேப் சுற்றவே கூடாது. அங்கே உலோகத்தோடு உலோகம் படிந்துதான் அடைபடும், டேப் நடுவில் வந்தால் சரியாக உட்காராது. இரண்டு ஸ்பேனர் பிடித்து முறுக்குங்கள், ஹோஸ் முறுகாது. பிறகு பர்னர்களை மூடி, வால்வைத் திறந்து, பாத்திர சோப்புக் கரைசலை ஒவ்வொரு இணைப்பிலும் தூரிகையால் தடவுங்கள். பாசிமணி அளவில் ஒரு குமிழி மெல்ல ஊதிப் பெருத்தால் அது கசிவு. ஃபிளேரில் கசிந்தால் மேலும் மேலும் இறுக்காமல், வால்வை மூடிக் கழற்றி, முகத்தில் கீறலோ தூசியோ இருக்கிறதா என்று பாருங்கள்.

கிரில் புரோப்பேனுக்கானது (சிலிண்டரில் வரும் வாயு) என்றால் இந்த ஹோஸ் மட்டும் போதாது. ஒரு கன அடி புரோப்பேனில் ஏறக்குறைய 2,500 பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம், இயற்கை எரிவாயுவில் 1,000 தான். அதனால் பர்னருக்கு வாயுவை விடும் ஜெட்டின் துளை பெரிதாக வேண்டும், ரெகுலேட்டரும் மாற வேண்டும். பழைய ஜெட்டிலேயே விட்டால் தீ நகக்கண் அளவுக்கு நிற்கும். கறி சிவக்காமல் வெந்துபோகும். டிரில் போட்டுத் துளையைப் பெரிதாக்குவது மகா தவறு. கிரில் தயாரிப்பாளரே மாற்று செட் தந்தால் போடுங்கள். தராவிட்டால் அந்த கிரில்லை மாற்றவே வேண்டாம்.

இயற்கை எரிவாயு கிரில்லிலும் தீ மந்தமாக இருந்தால் எல்லோரும் ஹோஸைத் திட்டுகிறார்கள். பல நேரம் குற்றவாளி குழாய்தான். வழக்கமான 7 அங்குல நீர்மட்ட அழுத்தத்தில் (7 அங்குல உயர நீர் தரும் அழுத்தம்), அதில் 0.5 அங்குல இழப்பு வைத்துக் கணக்கிட்டால், 1/2 அங்குல இரும்புக் குழாய் 20 அடி நீளத்துக்கு மணிக்குச் சுமார் 118,000 பி.டி.யூ. கொடுக்கும்; 50 அடிக்கு 72,000 தான். அதிலேயே அடுப்பும் துணி உலர்த்தியும் ஓடினால் 50,000 பி.டி.யூ. கிரில்லுக்கு என்ன மிஞ்சும்? 3/4 அங்குலம் என்றால் அதே 50 அடிக்கு 151,000 வரும்.

ஹோஸில் 'இசட்21.54' (Z21.54, வெளிப்புற எரிவாயு ஹோஸுக்கான அமெரிக்கத் தரநிலை) முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெட்டியில் போட்டிருக்கும் அதிகபட்ச பி.டி.யூ. உங்கள் கிரில்லுக்குக் குறைவாக இருந்தால் 1/2 அங்குல ஹோஸை எடுங்கள். சுவருக்குள்ளோ ஜன்னல் வழியாகவோ இதைக் கொண்டுபோகக்கூடாது. கழற்றி வைக்கும்போது சாக்கெட்டுக்கும் பிளக்குக்கும் மூடி போடுங்கள். மணல் புகுந்தால் முதலில் கெடுவது அந்த ஸ்பிரிங் வால்வுதான்.