ஈரோடு டவுனுக்குள் ஒன்பது வருடம்: எல்லாம் உண்டு, உட்கார இடம் இல்லை

சிவகிரிப் பக்கம் தோட்டத்தில் இருக்கிற என் தங்கை வீட்டு மாப்பிள்ளை போன வாரம் போன் செய்தார். மாடுகளை விற்றாகிவிட்டது, தென்னையைக் குத்தகைக்கு விட்டாகிவிட்டது, இனி தங்கையும் தானும் ஈரோட்டுக்கே வந்துவிடலாமா என்று யோசனையாம். "திண்டல் பக்கம் புது வீடு பார்க்கட்டுங்களா, இல்லை உங்களைப் போல டவுனுக்குள்ளேயே பார்க்கட்டுங்களா?" என்று கேட்டார்.

நல்ல கேள்விதான். கேட்ட நேரம்தான் சரியில்லை. எனக்கு வலது முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆகிறது. "எவ்வளவு வேண்டுமானாலும் நடங்கள். ஒரே இடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள்" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். வண்டியைப் பழுது பார்த்துவிட்டு அனுபவம் எழுதுகிறவர்கள் உண்டு. இங்கே பழுது பார்த்தது ஓட்டுகிறவனுக்கு. ஒன்பது வருடமாகக் கண்ணில் படாத ஒரு குறை, இந்த மூன்று மாதமாக வேறு எதையும் பார்க்க விடாமல் மறைத்துக்கொண்டு நிற்கிறது. இந்த ஊர் மையத்தில் எல்லாம் கிடைக்கும். உட்கார இடம் கிடைக்காது.

எங்கள் வீடு ஈஸ்வரன் கோயில் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், பதினெட்டுப் படி ஏறிப் போகிற மாடி. கீழ்வீட்டைத் துணி வியாபாரி ஒருவர் குடோனாக வைத்திருக்கிறார். அதன் முன்னால் இருக்கிற பழைய திண்ணை முழுக்க அவருடைய மூட்டைதான். 2016-இல் குடிவந்தோம். மஞ்சள் மண்டியில் முப்பது வருடம் கணக்கு எழுதியவன் நான். சம்பளமே உட்கார்ந்திருந்ததற்குத்தான் என்று என் மனைவி சொல்வாள். குடிவந்த இரண்டாம் வருடம் ஸ்கூட்டரை விற்றேன். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அதைத் தேடவில்லை. அந்த அளவுக்கு எல்லாம் காலடியில் இருக்கிறது: கோயில், மருந்துக்கடை, தையல்காரர், மணிக்கூண்டு, கனி மார்க்கெட் என்கிற ஜவுளிச் சந்தை. காய்கறி மார்க்கெட்டும் நேதாஜி ரோட்டில் நடக்கிற தூரத்தில்தான் இருந்தது. 2020-இல் கொரோனா காலத்தில் அதை முதலில் பஸ் ஸ்டாண்டுக்கும் பிறகு வ.உ.சி. பூங்கா மைதானத்துக்கும் மாற்றிவிட்டார்கள். அந்த வருத்தம் தனிக்கதை.

சாப்பாட்டைப் பற்றிக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். சந்தைக்கு வரும் வியாபாரிகளுக்காக விடியும் முன்பே அடுப்பு மூட்டுகிற கடைகள் இங்கே உண்டு. காலை ஏழு மணிக்கு இட்லிக்குக் குடல் குழம்பு ஊற்றித் தருவார்கள். மத்தியானம் இலை போட்டுக் கறிச்சோறு. காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம். மாவட்டம் நாமக்கல், ருசி எங்களுடையது. பள்ளிபாளையம் சிக்கன் என்று இன்று எல்லா ஊர் போர்டிலும் எழுதுகிறார்கள். செக்கச் செவேலென்று பொடி அப்பியிருந்தால் அது வேறு ஏதோ. வரமிளகாயைக் கிள்ளி, விதையை உதறி, சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லும் போட்டு வதக்குவதுதான் அதன் பக்குவம். விதை போய்விடுவதால் மிளகாய் அவ்வளவு கிடந்தும் வயிறு எரியாது. ஒரு மெஸ்ஸில் புதன்கிழமை மட்டும் அரிசிம்பருப்புச் சோறு போடுகிறார்கள். வீட்டில் சலித்துப்போன அதைக் காசு கொடுத்துத் தின்ன வரிசையில் நிற்கிறேன் என்றால் பாருங்கள்.

நிற்கிறேன் என்று எழுதிவிட்டேனே, அதுதான் விஷயம். இரண்டாம் சோறு கேட்கும்போதே நம் நாற்காலியின் முதுகில் ஒரு கை வந்து உட்கார்ந்துவிடும். அடுத்த ஆள். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். நம் இலையை மட்டும் பார்ப்பார். ரசத்துக்கு வந்தோமா, மோருக்கு வந்தோமா என்று அவர் கணக்குப் போடுவது பிடரியில் தெரியும். கடைக்காரர் மேல் தப்பில்லை. பன்னிரண்டு நாற்காலியை வைத்துக்கொண்டு ஊருக்கே சோறு போடுகிறார். ஆனால் சாப்பிட்ட பிறகு ஐந்து நிமிடம் சும்மா இருக்கிற சுகம் இந்த ஊரில் எந்த மெஸ்ஸிலும் விற்பனைக்கு இல்லை.

அந்தச் சுகம் ஒரு பேக்கரியில் இருந்தது. கொங்கு நாட்டில் பேக்கரி என்றால் ரொட்டிக்கடை என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது டீக்கடை, கண்ணாடிப் பெட்டியில் தேங்காய் பன்னும் பப்ஸும் இருப்பதால் பேக்கரி. முக்குக்கு முக்கு ஒன்று உண்டு. எங்கள் முக்கில் இருந்ததன் வெளியே, வேப்பமர நிழலில், ஒரு மரப் பெஞ்சு கிடந்தது. ஐந்து பேர் உட்காரலாம், ஆறாவது ஆள் ஒரு தொடையை வைக்கலாம். எட்டு வருடம் மாலை ஐந்து மணிக்கு நான் அங்கே ஆஜர். ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர் ஒருவர், நாலு தறி வைத்திருந்து விற்றுவிட்டவர் ஒருவர், கோயில் வாசலில் மாலை கட்டுகிறவர், அப்புறம் நான். பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துக்கொள்வோம். விளையாட்டுப் பக்கம் எஞ்சின்காரருக்கு, மஞ்சள் விலை எனக்கு. மண்டியை விட்டு வந்த பிறகும் குவிண்டால் என்ன விலைக்குப் போனது என்று தெரியாமல் டீ இறங்காது.

எனக்கு ஆபரேஷன் ஆன வாரம் இந்த மூன்று பேரும் முறை வைத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அங்கே நாற்காலிக்குப் பஞ்சமில்லை. ஒரு நாள் மூவரும் சேர்ந்து வந்து, பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்து, பேப்பரையும் பிரித்துவிட்டார்கள். நர்ஸ் வந்து சத்தம் போட்ட பிறகுதான் கிளம்பினார்கள். திண்டல் பக்கம் புது வீட்டில் இப்படி யார் வருவார்கள் மாப்பிள்ளை? பக்கத்து வீட்டு நாய்கூட வராது.

ஆனால் நான் ஊன்றுகோலோடு திரும்பி வந்தபோது பேக்கரியைப் புதுப்பித்திருந்தார்கள். தரைக்கு வழவழக் கல், கூரைக்குள் மறைந்திருக்கிற விளக்கு, மார்பு உயரத்துக்கு நாலு ஸ்டீல் மேஜை. நின்றுகொண்டே குடிக்க வேண்டும். பெஞ்சைக் காணோம். "இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததுங்க ஐயா" என்றான் கல்லாவில் இருந்த பையன். அடைத்துக்கொண்டிருந்தது நாங்கள்தான், அவன் மரியாதைக்குப் பெஞ்சைச் சொன்னான். டீ முன்பைவிட நன்றாக இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். கிளாஸ் சுத்தம். ஆனால் நின்றுகொண்டு யாராலும் வம்பு பேச முடியாது. ஏழாவது நிமிடத்தில் கை பையில் சில்லறையைத் தேட ஆரம்பித்துவிடுகிறது. மாலை கட்டுகிறவர் இப்போது வருவதே இல்லை.

பஸ்ஸுக்கு வருகிறேன். இந்த ஒரு விஷயத்துக்காகவே டவுனுக்குள் இருக்கலாம் என்று போன வருடம்வரை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். நம்பரை யாரும் பார்ப்பதில்லை, காது போதும். "பவானி பவானி", "ஆர்.என்.புதூர்", "சூரம்பட்டி நால்ரோடு" என்று கூவிக்கொண்டே வரும். ஒன்றை விட்டால் அதன் வாலிலேயே இன்னொன்று. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் எனக்குச் சில ரூபாய்தான் டிக்கெட்; 2021 மே மாதத்திலிருந்து என் மனைவிக்கு அதுவும் இல்லை. பவானி கூடுதுறைக்கு வருடத்துக்கு ஒருமுறை ஆடி அமாவாசைக்குப் போய்க்கொண்டிருந்தவள், இப்போது நினைத்த வெள்ளிக்கிழமை போய்வருகிறாள். கையில் காசில்லா டிக்கெட்டை மடித்து வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரத்தில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும், பஸ்ஸே அவளுடையது. நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இதில் எனக்குப் புகார் இல்லை. மில்லில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிற பெண்கள் உட்காரட்டும். ஒருமுறை கல்லூரிப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்து எழுந்தாள். அவ்வளவு கிழவனாகவா தெரிகிறேன் என்று கோபம் வந்தது. கோபத்தோடேயே உட்கார்ந்துகொண்டேன்.

என் சண்டை நிறுத்தத்தோடு. நிழற்குடை இருக்கிறது. அதில் மூன்று ஸ்டீல் இருக்கை. ஒன்றுக்கு அடித்தட்டு இல்லை, ஒன்றில் வாழைப்பழக் கூடை, ஒன்று சித்திரை வெயிலில் தோசைக்கல். 40 டிகிரியைத் தாண்டுவது எங்கள் ஊருக்குச் செய்தியே அல்ல. சரி, கூடையை நகர்த்தி உட்கார்ந்தோம் என்றே வைத்துக்கொள்வோம். பஸ் அங்கே நிற்காது. நாற்பது அடி தள்ளி, நடு ரோட்டில், நிற்கிற மாதிரி ஒரு பாவனை செய்துவிட்டுக் கிளம்பும். உட்கார்ந்தால் பஸ் போய்விடும். நின்றால் கால் போய்விடும். பன்னீர்செல்வம் பார்க் என்று டிக்கெட் எடுக்கிறவர்கள் யாரும் பூங்காவில் உட்காரலாம் என்று நினைத்து இறங்குவதில்லை. இறங்கினால் முதலில் தெரிவது சிலைகளும் சிக்னலும்தான்.

இவ்வளவு புலம்பினாலும் இரவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது அநியாயம். பத்தரை மணிக்கு ஷட்டர்கள் இறங்கியதும் கடை வீதி முழுக்கத் திண்ணையாகிவிடும். பகலில் கால் வைக்க முடியாத படிகளில் ஆட்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பங்குனியில் பெரிய மாரியம்மனுக்குப் பூச்சாட்டி, மூன்று மாரியம்மன் கோயில்களிலும் கம்பம் நட்டுவிட்டால் பிறகு ஊர் தூங்காது. விடியற்காலையில் பெண்கள் குடம் குடமாகக் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றி ப்ரஃப் ரோடே நனைந்து கிடக்கும். ராத்திரி பறை அடிக்க அடிக்கக் கம்பத்தைச் சுற்றி ஆட்டம். கடைசி நாள் கம்பங்களைப் பிடுங்கிக் காவிரிக்குக் கொண்டுபோகும்போது மஞ்சள் தண்ணீர் படாத சட்டை டவுனில் இருக்காது. சுற்றுப்புறத்திலிருந்து வண்டி பிடித்து வருகிறவர்கள் நிறுத்த இடம் தேடி அலைவார்கள். நான் பதினெட்டுப் படி இறங்கினால் ஆட்டத்துக்கு நடுவில் இருப்பேன்.

திங்கள்கிழமை இரவு இன்னொரு திருவிழா. ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் மாலை கூடி செவ்வாய்வரை நடப்பது. கேரளா, கர்நாடகா, ஆந்திரா என்று எங்கிருந்தோ வந்து விடிய விடியப் பேரம் பேசுவார்கள். ஆபரேஷன் ஆகி ஆறாவது வாரம், கால் வலியில் தூக்கம் வராமல் இரண்டு மணிக்குக் கீழே இறங்கி நடந்தேன். வழக்கமாக உட்கார்கிற கடைப் படிக்குப் போனால், படி முழுக்கக் கூரான இரும்புக் கம்பிகள் பதித்திருக்கிறார்கள். புறா உட்காராமல் இருக்க மாடியில் வைப்பார்களே, அதே சாதி. இங்கே புறா நான்தான். பக்கத்துக் கடைப் படியில் சரிவாக டைல்ஸ்; உட்கார்ந்தால் வழுக்கிக்கொண்டு சாக்கடைக்கே போகலாம். குடிக்கிறவர்கள் வந்து படியில் உட்கார்ந்து பாட்டிலை உடைத்துவிட்டுப் போகிறார்கள், காலையில் கூட்டுகிற பெண் காலைக் கிழித்துக்கொண்டாள் என்று கடைக்காரர் பிறகு சொன்னார். அவர் சொன்னது நியாயம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்ததும் நியாயம்.

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவனைப் பார்த்து, லுங்கி மூட்டைகளுக்குக் காவல் இருந்த பாலக்காட்டு வியாபாரி ஒருவர் ஒரு மூட்டையைக் காலால் தள்ளி, "இரிக்கு சேட்டா" என்றார். உட்கார்ந்தேன். மூட்டையைப் போல இதமான ஆசனம் உலகத்தில் இல்லை. புதுத்துணியின் கஞ்சி வாசனை வேறு. லாரி வந்து மூட்டையை ஏற்றுகிறவரை, ஒரு மணி நேரம் போல, அங்கேயே இருந்தோம். பெரிதாகப் பேசவில்லை. அவருக்கும் முழங்கால்தான்.

மாப்பிள்ளை மார்க் போடச் சொன்னார். சாப்பாட்டுக்குப் பத்துக்கு ஒன்பது. பஸ்ஸுக்கு எட்டு. மனிதர்களுக்குப் பத்து. கூட்டிப் பார்த்தால் முதல் வகுப்பில் தேறுகிறது. ஆனாலும், மாப்பிள்ளை, வர வேண்டாம். திண்டலிலேயே பாருங்கள். அங்கே வீட்டு முன்னால் நாற்காலி போட்டுக்கொள்ள இடம் இருக்கும்.

இதை எழுதி முடிக்கும்போது ஒரு விஷயம் தெரியவந்திருக்கிறது, மறைத்தால் தங்கை என்னோடு பேச மாட்டாள். கீழ்வீட்டுத் துணி வியாபாரி ஆனி மாதம் காலி செய்கிறார். மூட்டையெல்லாம் போனால் திண்ணை ஏழடி நீளம், கிழக்குப் பார்த்தது, மாலையில் நிழல். எஞ்சின்காரருக்கும் தறிக்காரருக்கும் சொல்லிவிட்டேன்; மாலை கட்டுகிறவரைத் தேட வேண்டும். வீட்டுக்காரரிடம் அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. ஆகவே, டவுனுக்குள்தான் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால், எங்கள் மாடி காலியாகும். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறதுங்க?