ஈரக்காற்றில் எந்த அங்கி குளிர்விக்கும்? இராமநாதபுரம் கடற்கரைக்கான ஓர் ஒப்பீடு

வாலிநோக்கத்திலும் திருப்பாலைக்குடியிலும் சித்திரை, வைகாசி வெயிலில் உப்பு வாருவோருக்கு உடலைக் குளிர்விக்கும் அங்கிகளை வாங்கித் தர யாரேனும் முன்வந்தால், அவர் முன் மூன்று வகைகள் வந்து நிற்கும். நீரை உறிஞ்சி வைத்து மெல்ல ஆவியாக்கும் அங்கி ஒன்று. இடுப்பருகே சிறு மின்விசிறிகள் பொருத்திய சட்டை மற்றொன்று. குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகும் பொருளைப் பைகளில் அடைத்துத் தைத்த அங்கி மூன்றாவது. மூன்றிலுமே காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்புகள் பல உண்டு. 'காப்புரிமை பெற்றது' என்ற சொற்களைப் பெட்டியில் பார்த்ததும் பொருள் சோதிக்கப்பட்டுவிட்டது என்று நம்பிவிடுகிறோம். காப்புரிமை அலுவலகம் பார்ப்பது அமைப்பு புதியதா, துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றிவிடாததா, தொழிலில் செய்யக்கூடியதா என்பதைத்தான். நம் கரையின் காற்றில் அது எவ்வளவு குளிர்விக்கும் என்பதை நாம்தான் கணக்கிட வேண்டும்.

அந்தக் கணக்கு எளியது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. கடும் உடலுழைப்பில் இருப்பவரின் உடலில் சுமார் 400 வாட் வெப்பம் உண்டாகிறது என்று கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு 1,440 கிலோஜூல். அதாவது 600 மில்லிலிட்டர் நீர் தோலின் மேலேயே முழுதாக ஆவியானால் உழைப்பின் வெப்பம் நீங்கிவிடும். ஆவியாகும் வேகத்தைத் தீர்மானிப்பது தோலருகே உள்ள ஆவியழுத்தத்துக்கும் (நீராவி தரும் அழுத்தம்) காற்றில் உள்ள ஆவியழுத்தத்துக்கும் இடையிலான வேறுபாடு. 35 டிகிரியில் உள்ள ஈரத் தோலில் ஆவியழுத்தம் 5.6 கிலோபாஸ்கல். உள்நாட்டில் கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் 38 டிகிரி வெயிலும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு பிற்பகலில் காற்றின் ஆவியழுத்தம் 1.3 மட்டுமே; வேறுபாடு 4.3. கரையில் 34 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால் காற்றில் ஏற்கெனவே 3.7 இருக்கிறது, வேறுபாடு 1.9 ஆகிவிடுகிறது. வெப்பமானி நான்கு டிகிரி குறைவாகக் காட்டும் கரையில் வியர்வை காய்வதற்கான உந்துதல் உள்நாட்டில் இருப்பதில் பாதிக்கும் கீழே. கடலோரப் புழுக்கத்தின் காரணம் இதுதான். எந்த அங்கியானாலும் இந்த 1.9ஐ வைத்துக்கொண்டுதான் வேலை செய்தாக வேண்டும், அல்லது இதைச் சாராமல் வேறு வழியில் குளிர்விக்க வேண்டும்.

நீரை உறிஞ்சும் அங்கியைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனெனில் மூன்றில் விலை குறைந்ததும், நன்கொடையாகக் கொடுக்க எளிதில் தேர்ந்தெடுக்கப்படுவதும் அதுவே. இவற்றில் பெரும்பாலானவற்றின் தையல் கட்டங்களுக்குள் இருப்பது குழந்தைகளின் டயப்பரில் உள்ள அதே பாலிஅக்ரிலேட் வகை மணிகள். தன் எடையைப் போல் பல நூறு மடங்கு நீரை உறிஞ்சும் பாலிமர்களின் தொடக்க காலக் காப்புரிமைகள் 1970களைச் சேர்ந்தவை. அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகம் மாவுச்சத்திலிருந்து உருவாக்கிய 'சூப்பர் ஸ்லர்ப்பர்' அவற்றுள் ஒன்று. அந்தப் பல நூறு மடங்கு என்பது வாலை வடித்த நீருக்கான கணக்கு. மணியின் உள்ளே அயனிகள் மிகுந்தும் வெளியே குறைந்தும் இருப்பதால்தான் நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. வெளிநீரிலேயே உப்பு இருந்தால் அந்த இழுவை தளர்ந்துவிடும், 0.9 சதவீத உப்புக் கரைசலிலேயே உறிஞ்சும் அளவு ஐம்பது மடங்கு அளவுக்கோ அதற்கும் கீழோ இறங்கிவிடுகிறது. கடல்நீரில் உப்பு 3.5 சதவீதம், அதோடு அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பாலிமர்ச் சங்கிலிகளை ஒன்றோடொன்று இறுக்கிக் கட்டிவிடுகின்றன.

நம் கரைக்கு இதன் பொருள் என்ன? உப்பளத்தின் பக்கத்தில் கிடைப்பது உவர்நீர். மணலில் ஊற்றுத் தோண்டி அகப்பையால் நல்ல தண்ணீர் சேந்தும் ஊர்களும், குடக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் ஊர்களும் இந்த மாவட்டத்தில் உண்டு. உவர்நீரில் ஊறவைத்த அங்கியைத் தடவிப் பார்த்தால், கட்டங்களுக்குள் மணிகள் உளுந்தளவிலேயே நின்றுவிட்டதை விரல் சொல்லும். நல்ல நீரில் ஊறினால் கட்டம் முழுவதும் புடைத்து நிற்கும். உவர்நீர் காய்ந்த பின் தையலோரத்தில் பூக்கும் உப்பு, ஏற்கெனவே வேர்க்குரு கண்ட தோளையும் முதுகையும் அறுக்கும். அதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. அங்கியின் வெளிப்பரப்பில் ஆவியாகும் நீர், தனக்கு வேண்டிய வெப்பத்தில் பெரும் பங்கை வெயிலிலிருந்தும் சூடான காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. உடலிலிருந்து எடுப்பது மிச்சம்தான். அதற்குள் அடியிலிருக்கும் தோலின் வியர்வை காய வழியின்றி ஒழுகி வீணாகிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் கையில் இருந்தால் அதை அங்கிக்கு ஊற்றுவதைவிடக் குடிப்பதே மேல் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். குடித்த நீர் வியர்வையாக வந்து தோலின் மேலேயே காயும்போது, அதற்கான வெப்பம் நேரே உடலிலிருந்து போகிறது.

விசிறிச் சட்டை அந்த வியர்வையைக் கருவியாக்கிக்கொள்கிறது. ஜப்பானில் 'கூச்சோஃபுகு' என்ற பெயரில் இதைப் பரப்பியவர் சோனி நிறுவனத்தில் பொறியாளராக இருந்த இச்சிகாயா ஹிரோஷி. அவர் தொடங்கிய நிறுவனம் 2004இல் உருவானது. சட்டையின் பின்புறத்தில் உள்ள இரு விசிறிகள் வெளிக்காற்றை உள்ளிழுத்து, தோலை உரசிச் செல்லவிட்டு, கழுத்து வழியாகவும் கை வழியாகவும் வெளியேற்றுகின்றன. ஜப்பானின் கோடையும் ஈரமானதே என்பதால், இது புழுக்கத்துக்கென்றே பிறந்த கண்டுபிடிப்பு. வேறுபாடு 1.9 ஆக இருந்தாலும், தோலோடு ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை நொடிக்கு நொடி அகற்றினால் அந்த 1.9இன் முழுப் பயனும் கிடைக்கும். வீசும் காற்று தோலைவிடச் சூடாக இருந்தால் அது உடலுக்கு வெப்பத்தையும் சேர்க்கும். கடல் அருகிருப்பதால் நம் கரையில் வெப்பநிலை உள்நாட்டைப் போல் மிக உயர்வதில்லை என்பது இந்தச் சட்டைக்குச் சாதகம். மேல்காற்று பலமாக அடிக்கும் நாளில் திறந்த பாத்தியில் நிற்பவருக்கு விசிறி பெரிதாக எதையும் கூட்டித் தராது. காற்று அடங்கிய காலைப் பொழுதிலும், உப்பு அம்பாரத்தின் மறைவில் மூட்டை பிடிக்கும்போதும்தான் அதன் அருமை தெரியும். உப்புக்காற்று மின்முனைகளை அரிப்பதால், பேட்டரி இணைப்பை அன்றாடம் நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உலர்த்தாவிட்டால் சட்டை நெடுநாள் உழைக்காது.

ஈரப்பதத்தைச் சாராமல் குளிர்விப்பது உருகும் பொருளை வைத்த அங்கி. 28 டிகிரியில் உருகும் ஆக்டாடெக்கேன் போன்ற மெழுகு, கிலோவுக்கு ஏறத்தாழ 240 கிலோஜூல் வெப்பத்தை ஏற்கும். இரண்டு கிலோ அங்கி ஏற்கக்கூடியது 480 கிலோஜூல். கடும் உழைப்பின் இருபது நிமிட வெப்பம். பனிக்கட்டி கிலோவுக்கு 334 கிலோஜூல் ஏற்குமே, அதையே பையில் அடைத்துக் கட்டிக்கொண்டால் என்ன என்று தோன்றலாம். 34 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிநிலை, அதாவது அதன் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 28 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. ஆகவே 28 டிகிரி மெழுகின் மேல் ஈரம் படிவது அரிது. பனிக்கட்டிப் பையின் மேலோ காற்றின் ஈரம் ஓயாமல் படிந்து, படியும் ஒவ்வொரு கிராமும் தன் வெப்பத்தைப் பனிக்கட்டிக்குள் இறக்கிவிடும். உடலுக்கு வாங்கிய குளிர்ச்சியைக் காற்று தின்றுவிடுகிறது. தோலும் கடுங்குளிரில் இரத்த நாளங்களைச் சுருக்கிக்கொள்வதால் உள்வெப்பம் வெளியேறுவது குறைகிறது.

உருகிய மெழுகை மீண்டும் உறைய வைக்க நம் ஊர்க் கிணற்று நீர் போதாது, ஐஸ் வேண்டும். உப்பளத்தில் அது கிடையாது, படகில் உண்டு. ஐஸ் பெட்டியோடு கடலுக்குப் போகும் வல்லம் என்னும் நாட்டுப்படகில் இரண்டு ஜோடிப் பைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. ஆகவே கடும் வெயிலில் இதற்குரியவர்கள் நாட்டுப்படகு மீனவர்களும், மண்டபம், பாம்பன் கரைகளில் ஏற்றி நிறுத்திய படகுகளைச் சுரண்டி வர்ணம் அடிப்போரும் ஆவர். இடுப்பளவுக் கடலில் நின்று பாசி எடுக்கும் பெண்களுக்கு நீரே வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் இவற்றில் எதுவும் தேவைப்படாது. அவர்களுக்கு வேண்டியது கரையில் பாசி உலர்த்தும் இடத்தில் நிழல்.

காப்புரிமை பற்றி ஒன்று மட்டும். அது வழங்கப்பட்ட நாட்டில்தான் செல்லும்; இந்தியாவில் அதன் ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். 2004ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ விண்ணப்பித்த எதுவும் இன்று யாரையும் தடுக்காது. பழைய அமைப்பில் விசிறிச் சட்டையைப் பரமக்குடியில் தைக்கச் சட்டப்படி தடை இல்லை. பிற்காலத் திருத்தங்களுக்குத் தனிக் காப்புரிமை இருக்கிறதா என்பதை மட்டும் அலுவலகத்தின் இணையப் பதிவில் தேடிப் பார்த்துவிட வேண்டும்.

உப்பளத்துக்கு விசிறிச் சட்டையும் கூடுதல் குடிநீரும், ஐஸ் உள்ள படகுக்கும் படகுப் பழுது வேலைக்கும் மெழுகு அங்கி, நீர் உறிஞ்சும் அங்கி நல்ல தண்ணீரும் வறண்ட காற்றும் சேர்ந்திருக்கும் கமுதிப் பக்கத்துக்கு, என்பதே என் தீர்ப்பு. இதற்குப் பிறகும் கரைக்கு நீர் அங்கியைத்தான் வாங்குவது என்று முடிவெடுப்பவர், மொத்தமாக வாங்குமுன் ஒன்றை மட்டும் வாங்கி, உப்பளத்து நீரிலேயே ஊறவைத்து, ஈரம் சொட்டாதபடி பிழிந்து எடை போட்டுக்கொள்ளட்டும். காற்று அடங்கிய காலையில் அதை ஒரு கொடிக்கம்பத்தில் ஒரு மணி நேரம் மாட்டி, மறுபடி எடை பார்க்கட்டும். 100 கிராம் குறைந்திருந்தால், உடல் வெப்பம் மட்டுமே போனதாகத் தாராளமாகக் கணக்கிட்டாலும் கிடைத்த குளிர்ச்சி 67 வாட். எதிரே நிற்பது 400 வாட்.