வீலர் டீலர்ஸ்: கூலி எழுதாத கணக்கு

“ஏனுங்க்ணா, டிவில ஒரு மியூசிக் ஓடி முடியறதுக்குள்ள பளபளன்னு ஆக்கிப்போடறாங்க. நீங்க ரெண்டு நாள் கேக்கறீங்க?”

கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் இருக்கும் என் ஷெட்டுக்குக் கருப்பு செடான் ஒன்றை ஓட்டிவந்த தம்பி கேட்டது. எந்த நிகழ்ச்சி தம்பி என்றேன். வீலர் டீலர்ஸ் என்றான். சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. காரைக் கழுவி, பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்குகிற இந்த டீடெய்லிங் தொழிலுக்கு நான் வந்ததற்குப் பாதிக் காரணமே அந்த நிகழ்ச்சிதான். அதன் பழைய எபிசோடுகளையும் புதியவற்றையும் மறுபடி வரிசையாகப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

பார்க்காதவர்களுக்கு: 2003இல் இங்கிலாந்தில் தொடங்கியது. மைக் ப்ரூவர் பேரம் பேசி ஒரு பழைய கார் வாங்கிவருவார். எட் சைனா பட்டறையில் அதைச் சரிசெய்வார். மைக் மறுபடி பேரம் பேசி, கைகுலுக்கி விற்பார். கடைசியில் வரவு செலவு திரையில் வரும். அவ்வளவுதான் கதை. எட் ஆறரை அடிக்கு மேல் உயரம், கையில் எப்போதும் ஆரஞ்சு நிறக் கையுறை. சோபாவுக்கு இன்ஜின் பொருத்தி ரோட்டில் ஓட்டி கின்னஸில் ஏறிய மனுஷன். அவர் பேசிய ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரியும். கை முழுசாகப் புரிந்தது. ஒரு போல்ட் துருப்பிடித்து இறுகிக் கிடந்தால், அது ஏன் இறுகியது, எப்படி உடையாமல் எடுப்பது என்று நிதானமாகக் காட்டுவார். ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு யாரும் அப்படிச் சொல்லித்தரவில்லை. ஸ்பேனரைத் தப்பாக எடுத்தால் தலையில் ஒரு தட்டு, அதுதான் பாடம்.

என் குறை பாலிஷில் தொடங்குகிறது.

காலிப்பர் என்கிற பிரேக் பாகத்துக்குப் பத்து நிமிடம் கொடுக்கிற நிகழ்ச்சி, பெயின்ட்டுக்கு வந்தால் அவசரப்படுகிறது. பாலிஷ் மெஷின் ஓடும், கேமரா சுற்றும், இசை ஏறும், அடுத்த காட்சியில் கார் வெளியே மின்னிக்கொண்டு நிற்கும். மெஷினில் மாட்டுகிற பேட் எது, தேய்க்கிற காம்பவுண்ட் பசை எது, ஒரு பேனலுக்கு எத்தனை தடவை என்று நான் பேனாவை எடுத்து முடிப்பதற்குள் காட்சி போய்விடும். பெயின்ட்டில் ஒட்டிய துகளை எடுக்கக் களிமண் மாதிரி இருக்கும் க்ளே பார் தேய்ப்பதைச் சில இடங்களில் காட்டியிருக்கிறார்கள், லெதர் சீட்டுக்கு நிறம் ஏற்றுவதையும் அழகாகக் காட்டியிருக்கிறார்கள். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பாலிஷ் என்பது அவர்களுக்குக் கல்யாண வீட்டில் கடைசியாகத் தெளிக்கிற பன்னீர் மாதிரி.

இதில் என்ன வருத்தம் என்றால், அவர்கள் கையில் கிடைத்த கார்கள் மாதிரி எனக்கு ஒன்றுகூடக் கிடைக்காது. எல்லாம் பழசு. பழைய கார்கள் பலவற்றில் மேலே க்ளியர் கோட் என்கிற நிறமில்லாத மேல்பூச்சே கிடையாது, நிறம்தான் மேல்தோல். சிவப்பு வண்டி என்றால் வெயிலில் வெளுத்து ரோஸ் கலர் ஆகியிருக்கும். அதில் பேட் வைத்தால் பேடே சிவப்பாகிவிடும். பார்க்கிறவனுக்கு அய்யய்யோ பெயின்ட் போச்சே என்று இருக்கும், ஆனால் அடியில் இருந்து நல்ல சிவப்பு மேலே வரும். எங்கே நிறுத்துவது என்பது கைக்குத்தான் தெரியும். ஒரு சுற்று கூடினால் அடிப்பூச்சான ப்ரைமர் எட்டிப் பார்க்கும். இதைவிடப் பரபரப்பான காட்சி ஒரு டிவிக்காரனுக்கு எங்கே கிடைக்கும்? அதை விட்டுவிட்டு, மைக் வந்து வெறும் கையால் பானெட்டைத் தடவி ஆகா என்கிறார். எங்கள் தொழிலில் முதல் விதியே வெறும் கை வைக்காதே.

இன்னொன்றும் உண்டு, இது குற்றம் இல்லை, வானிலை. இங்கிலாந்தில் பாதி நாள் மேகம். மேகத்துக்கு அடியில் எந்த வண்டியும் அழகுதான், சிலந்தி வலை மாதிரி சுற்றிச்சுற்றி இருக்கும் ஸ்வர்ல் மார்க் கண்ணுக்கே தெரியாது. நம்ம ஊர் சித்திரை வெயிலில் அதே வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். வண்டவாளம் எல்லாம் பானெட் மேலேயே ஏறி நிற்கும்.

அந்தத் தம்பியின் கருப்பு வண்டிக்கு வருகிறேன். சனிக்கிழமை காலை கழுவவே ஒன்றரை மணி நேரம் ஆனது. போர் தண்ணீரில் தினமும் கழுவி வெயிலிலேயே காயவிட்டிருக்கிறான், கண்ணாடி முழுக்க உப்புப் பொட்டு. இரும்புத் துகளை எடுக்கிற திரவம் அடித்தால் வீல் ஓரமெல்லாம் ஊதா நிறத்தில் வழிந்தது. அப்புறம் க்ளே. அப்புறம் ரப்பர் பீடிங், கருப்பு பிளாஸ்டிக், பேனல் விளிம்பு எல்லாவற்றுக்கும் டேப். விளிம்பில்தான் பெயின்ட் மெல்லிசு, அங்கே மெஷின் ஒரு நொடி நின்றால் சுட்டுவிடும். பெயின்ட்டின் கனத்தை மீட்டர் வைத்து அளந்தால் எல்லாப் பேனலும் 110, 115 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), இடது பின்கதவு மட்டும் 240. “கதவு பெயின்ட் அடிச்சதா தம்பி?” என்றேன். வாங்கும்போது ஒரிஜினல் என்று சொன்னார்களாம். முகம் சுண்டிப்போனான்.

அந்த 110இல் மேலே இருக்கும் க்ளியர் கோட் ஏறக்குறைய நாற்பதுதான். தலைமுடியைவிட மெல்லிசு. காம்பவுண்ட் ஒரு தடவை போனால் இரண்டு மூன்று மைக்ரான் போய்விடும், திரும்ப வராது. அதனால் முதலில் ஓரத்தில் ஒரு சின்ன சதுரத்தில் மென்மையான பேட் வைத்துப் பார்த்து, போதவில்லை என்றால்தான் அடுத்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்து, காம்பவுண்டின் எண்ணெய் கீறலை மறைத்திருக்கிறதா, கீறல் நிஜமாகவே போயிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இப்படி ஒவ்வொரு பேனலுக்கும். ஞாயிறு சாயங்காலம் முடியும்போது என் உதவிப் பையனுக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது.

இப்போது வீலர் டீலர்ஸ் கணக்குக்கு வருவோம். திரையில் வருவது: கார் வாங்கிய விலை, உதிரிபாகச் செலவு, விற்ற விலை, லாபம். எட் சைனாவின் உழைப்புக்கு அதில் இடமே கிடையாது. மறைத்தார்கள் என்று சொல்லமாட்டேன், கூலி சேர்க்கவில்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். பொழுதுபோக்கு, சரி. உதிரிபாகம் மாற்றுகிற வேலைக்கு அந்தக் கணக்கு ஓரளவாவது பொருந்தும். டீடெய்லிங்கில் உதிரிபாகமே கிடையாதே! காம்பவுண்ட், பேட், டேப், துணி எல்லாம் சேர்த்து அந்தக் கருப்பு வண்டிக்கு எனக்கு ஆனது 1,800 ரூபாய். பில் 9,000. அவர்கள் முறைப்படி லாபம் 7,200. ஆகா! இரண்டு பேர், இரண்டு நாள், ஷெட் வாடகை, கரண்ட், மெஷின் தேய்மானம் எல்லாம் காற்றில். அந்தத் தம்பி மனதில் ஓடியதும் இதே கணக்குதான். பாட்டில் விலையை ஆன்லைனில் பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

2017 மார்ச்சில் எட் விலகினார். யூடியூபில் அவரே காரணம் சொன்னார். தயாரிப்பு அமெரிக்கச் சேனலான வெலாசிட்டியின் கைக்குப் போனபின், பட்டறைக் காட்சிகள் எடுக்க நேரமும் செலவும் அதிகமாகிறது, அந்த விவரத்தைக் குறைக்கலாம் என்று சொன்னார்களாம். அது தனக்கு ஒப்பவில்லை என்றார். ரசிகர்கள் கொதித்துப்போய் மைக்கைத் திட்டித் தீர்த்தார்கள். அது அநியாயம் என்பது என் கருத்து, பேரம் பேசத் தெரிந்தவர் பேரம் பேசினார், அவ்வளவுதான். ஆனால் எட் சொன்னதைக் கேட்டபோது எனக்குப் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை. பாலிஷுக்கு என்ன நடந்ததோ அது இப்போது காலிப்பருக்கும் வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். பதின்மூன்று வருஷமாகக் கணக்கில் எழுதாத நேரத்தை ஒருநாள் யாரோ நிஜமாகவே கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்து வந்த ஆண்ட் ஆன்ஸ்டெட் கெட்டிக்காரர், ஒரு காரை அடியிலிருந்து தானே கட்டுகிற அளவுக்குக் கைவேலை தெரிந்தவர். அப்போது நிகழ்ச்சி எடுத்த கலிபோர்னியாவில் வெயில் வேறு, இப்போதாவது ஸ்வர்லைக் காட்டுவார்கள் என்று உட்கார்ந்தேன். காட்டவில்லை. பேச்சு கூடியது, ஊர் சுற்றுவது கூடியது, என் நோட்டில் எழுத ஒன்றும் சேரவில்லை. பிறகு நிகழ்ச்சி இங்கிலாந்துக்கே திரும்பி, மெக்லாரன் ஃபார்முலா ஒன் அணியில் மெக்கானிக்காக இருந்த மார்க் ப்ரீஸ்ட்லி வந்தார். கலகலப்பான ஆள். பார்க்கலாம். நான் நிகழ்ச்சி ஓடும்போதே நடுவில் சமைக்கப் போய்விடுகிறேன், ஒன்றும் தவறுவதில்லை.

வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்பவர்கள் எட் இருந்த வருஷங்களைப் பாருங்கள், அதிலும் லெதர் சீட் வருகிற பாகங்களை விடாதீர்கள். பாலிஷ் கற்க வேண்டும் என்றால் இங்கே வராதீர்கள். அதற்கு ஒரு பழைய பானெட்டைக் காயலான் கடையில் எடை போட்டு வாங்கி, அதில் கை பழகுங்கள். நான் அப்படித்தான் மூன்று பானெட்டைக் கெடுத்தேன். வெறுமனே பொழுதுபோக வேண்டும் என்றால் எந்த சீசனும் பரவாயில்லை, மைக் பேரம் பேசும்போது சிரிப்பு வரும்.

ஒன்று மட்டும் மாற்றினேன். இப்போது என் பில்லில் பொருள் தனி, கூலி தனி, மணி நேரம் தனி. அந்தத் தம்பிதான் முதலில் அப்படிப் பில் வாங்கியவன். “இருபத்தெட்டு மணி நேரமுங்களா?” என்று இரண்டு தடவை கேட்டான். ரெண்டு பேருக்கும் சேர்த்து தம்பி என்றேன். பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அந்தக் கதவைப் பற்றி விற்றவரிடம் கேட்கவேண்டும் என்று கிளம்பிப்போனான்.

அந்த ஆரஞ்சுக் கையுறையும் ஆசைக்கு ஒரு பெட்டி வாங்கினேன். கிரீஸ் வேலைக்கு அருமையான பிடிப்பு. பாலிஷுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டேன். பையன் அதைப் போட்டுக்கொண்டு வீல் கழுவுகிறான்.