மூளையின் ஆக்சிஜனைப் பார்க்க: ஒளித்தொப்பியா, எம்ஆர்ஐ குழாயா?

கோவிட் சமயத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, பல்ஸ் ஆக்சிமீட்டர், அதன் பங்காளிதான் எஃப்நிர்ஸ். விரலுக்குப் பதில் தலை, கிளிப்புக்குப் பதில் தொப்பி, அவ்வளவுதான். அண்மை அகச்சிவப்பு ஒளி தோலையும் மண்டையோட்டையும் ஓரளவு கடந்து போகும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினும் அந்த ஒளியை வெவ்வேறு அளவில் விழுங்கும். திரும்பி வரும் ஒளியை வைத்து எது கூடியது, எது குறைந்தது என்று கணக்குப் போடலாம். 1977இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஃபிரான்ஸ் யோப்சிஸ் இதற்கு வழி காட்டினார்.

போட்டிக்கு நிற்பது எஃப்எம்ஆர்ஐ, அதாவது எம்ஆர்ஐ குழாய்க்குள் படுக்கவைத்து மூளை வேலை செய்வதைப் படம் எடுக்கும் முறை. 1990இல் செய்ஜி ஒகாவா எலிகளில் காட்டிய ரத்த ஆக்சிஜன் வேறுபாடுதான் அதன் அடிப்படை. இரண்டும் பார்ப்பது ரத்தத்தைத்தான், நரம்பணுவை அல்ல. நரம்பணு வேலை தொடங்கி ஐந்தாறு விநாடி கழித்துத்தான் ரத்தம் உச்சம் தொடும். மில்லி விநாடி வேகம் வேண்டுமென்றால் இஇஜி-க்குப் போங்கள். ஆனால் அது மின்சாரத்தை அளப்பது, ஆக்சிஜனை அல்ல. அதனால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

இரண்டையும் இரண்டு வேலைகளில் ஒப்பிட்டுப் பார்ப்போம். முதலில் கை வேலை. வலது கை விரல்களைக் கட்டை விரலோடு தட்டச் சொல்கிறோம்: இருபது விநாடி தட்டல், இருபது விநாடி ஓய்வு. தொப்பி போட்டவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தட்டுவார். எழுந்து நடக்கச் சொன்னாலும் நடப்பார், குழந்தையென்றால் அம்மா மடியில் இருக்கலாம். குழாய்க்குள் போனவரோ தடதட சத்தத்துக்கு நடுவே, தலை அசையாமல் படுத்திருக்க வேண்டும். சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் படம் கெடும்.

ஆனால் ஆழம் என்று வந்தால் தொப்பி கைவிரித்துவிடும். ஒளி புகும் இடத்துக்கும் அதைப் பிடிக்கும் இடத்துக்கும் வழக்கமாக மூன்று சென்டிமீட்டர் இடைவெளி. எட்டும் ஆழம் ஏறக்குறைய அதில் பாதி, அதிலும் பெரும்பகுதியைத் தோலும் எலும்பும் தின்றுவிடும். மூளையின் மேலடுக்கு மட்டும்தான் தெரியும். நினைவுக்கான ஹிப்போகேம்பஸ், பயத்துக்கான அமிக்டலா எல்லாம் எஃப்எம்ஆர்ஐ-யின் ராஜ்யம்.

அடுத்து மனக்கணக்கு. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால் வேலை செய்வது நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் முன்பகுதி. நெற்றியில் முடி இல்லை, தொப்பி நொடியில் உட்காரும், ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினைக் காட்டும் கோடு அழகாக மேலே ஏறும். இங்கேதான் ஏமாறுவோம். கணக்கு தப்பிவிடுமோ என்ற பதற்றத்தில் இதயம் வேகமாக அடிக்கும், நெற்றித் தோலிலும் ரத்த ஓட்டம் மாறும். ஒளி அதையும் சேர்த்தே அளந்து வரும். குழாய்க்கு இந்தச் சிக்கல் குறைவு. தோல் தனி, மூளை தனி என்று படத்திலேயே பிரிந்து தெரியும்.

விரல் தட்டலில் கதை தலைகீழ். அதற்கான இடம் உச்சந்தலைக்குப் பக்கவாட்டில், முடிக்கு அடியில். நம் ஊர்க் கறுப்பு அடர்முடி ஒளியை நன்றாகவே குடிக்கும். ஒவ்வொரு முனைக்கும் வகிடெடுத்து ஒதுக்க வேண்டும், பொறுமை சோதிக்கும் வேலை அது. ஆனால் ஒருமுறை சரியாகப் பதிந்துவிட்டால், வலது கை தட்டும்போது இடது பக்கம் மட்டும் தெளிவாக ஏறுவதைக் காணலாம். தோலின் ரத்தம் இப்படிப் பக்கம் பார்த்து ஏறுவது அரிது. ஆகவே சுலபமான நெற்றியைவிட, தொல்லை கொடுக்கும் உச்சந்தலையைத்தான் நான் நம்புவேன்.

அதற்காக நெற்றியை ஒதுக்க வேண்டியதில்லை. எட்டு மில்லிமீட்டர் இடைவெளியில் ஒளி விடும் முனை, பிடிக்கும் முனை என்று கூடுதலாக ஒரு ஜோடி வைத்தால் அது தோலை மட்டும் பார்க்கும், அதைக் கழித்துக்கொள்ளலாம். அந்த ஜோடி இல்லாத கருவியில் மனக்கணக்கு முடிவைக் காட்டினால் நான் இரண்டாவது கோட்டை, அதாவது ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினின் கோட்டைத் தேடுவேன். மூளை வேலை செய்தால் ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் கூடும்போது மற்றது குறைய வேண்டும். இரண்டும் கைகோத்து மேலே போனால், அது பெரும்பாலும் நெற்றித் தோல்தான்.