ரீமர் போட்டதாகச் சொல்லி உப்புத்தாளால் என் ரிவால்வர் சிலிண்டரைக் கெடுத்துவிட்டார்

.22 ரிம்ஃபையர் (தோட்டாவின் விளிம்பில் அடித்து வெடிக்க வைக்கும் வகை) ரிவால்வர் வைத்திருப்பவர்கள், சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூடுகள் சிலிண்டரைவிட்டு வராமல் இறுகிக்கொள்கின்றன என்று பட்டறைக்கு ஓடும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குக் கூலியும் போனது, சிலிண்டரும் போனது.

பழையதாக வாங்கிய ரிவால்வர், சிலிண்டரில் தோட்டா போடும் ஆறு அறைகள். முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கூடுகள் மாட்டிக்கொள்ளும். கூடுகளை வெளியே தள்ளும் எஜெக்டர் தண்டை உள்ளங்கையால் அழுத்தித் தள்ளினால்தான் வரும். எந்த இரண்டு அறைகள் என்று நான் குறித்து வைக்கவில்லை. அங்கேதான் கோட்டை விட்டேன்.

துப்பாக்கி பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொடுத்தேன். சிலிண்டரை வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். "ஆறு அறையும் சொரசொரப்பா இருக்கு சார், ரீமர் போட்டு மெருகேத்திடலாம்" என்றார். ரீமர் என்பது துளையைச் சரியான அளவுக்குச் சீவும் வெட்டுக் கருவி. அளவெடுக்கவில்லை. சுட்ட கூடு ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. ஆறு அறைக்கும் கூலி வாங்கிக்கொண்டு, ரசீதிலும் ரீமர் வேலை என்றே எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது அறைகள் பளபளவென்று இருந்தன. சந்தோஷமாகத்தான் எடுத்துப் போனேன். சுட்டால், இப்போது ஆறில் ஐந்து கூடுகள் வரவில்லை! அவரிடமே போனேன். தோட்டா சரியில்லை, மாற்றிப் பாருங்கள் என்றார். மூன்று வகை மாற்றினேன், பலனில்லை. மறுபடி போனபோது, "பழைய துப்பாக்கின்னா அப்படித்தான்" என்று முடித்துக்கொண்டார்.

அப்புறம் இந்தத் தொழிலிலேயே ஊறிய ஒரு பெரியவரிடம் போனேன். அவர் முதலில் கேட்டதே சுட்ட கூடுகளைத்தான். ஒன்றை எடுத்து மேசைமேல் உருட்டினார். நேராக உருளாமல் தள்ளாடியது. நடுவில் பானை வயிறுபோல் உப்பியிருந்தது. லென்ஸ் வழியாக அறைக்குள் காட்டினார்: சுவரைச் சுற்றிச் சுற்றி வளையம் வளையமாகக் கீறல்கள். ரீமர் இப்படிக் கீறாது, டிரில்லில் உப்புத்தாள் சுற்றி உள்ளே விட்டு ஓட்டியிருக்கிறார்கள் என்றார். சுடும்போது பித்தளைக் கூடு விரிந்து சுவரில் ஒட்டி, உடனே கொஞ்சம் சுருங்கும். அதனால்தான் எளிதாக வெளியே வருகிறது. அறையின் நடுப்பகுதி அகன்றுவிட்டால் கூடு அந்த அகலத்துக்கு உப்பிவிடும். கூடு வெளியேறும் பின்வாய் மட்டும் பழைய அளவிலேயே இருந்தால் உப்பிய வயிறு அதன் வழியே எப்படி வரும்? போதாததற்குப் பித்தளை அந்தக் கீறல்களிலும் போய்ப் பிடித்துக்கொள்கிறது.

சரி, முதலில் இருந்த கோளாறு என்ன? என்னிடம் இருந்த பழைய கூடுகளில் அதையும் காட்டினார். விளிம்பில் ஃபயரிங் பின் (தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் முள்) அடித்த தடம் இருக்கிறது அல்லவா, அதற்கு நேர் கீழே கூட்டின் உடலில் மெல்லிய நீளக் கீறல். எனக்கு முன் வைத்திருந்தவர் தோட்டா இல்லாமலே விசையை இழுத்துப் பழகியிருக்கிறார். அப்படிச் செய்தால் சில ரிவால்வர்களில் அந்த ஃபயரிங் பின் நேராக அறையின் விளிம்பில் மோதி, எஃகைப் பிசிறாக உள்ளே தள்ளிவிடும். அந்தப் பிசிறுதான் கூட்டைப் பிடித்திருக்கிறது. இரண்டே அறைகளில்! கூம்பு முனையுள்ள கெட்டியான எஃகுக் கருவியை விட்டு அழுத்தினால் பிசிறு பழைய இடத்துக்கே போய்விடும், உலோகம் துளிகூடக் குறையாது, சின்ன வேலை என்றார். அதைக் கேட்டபோது வயிறு எரிந்தது. தேய்ந்த எஃகை யாரும் திருப்பி வைக்க முடியாது. சிலிண்டரையே மாற்ற வேண்டியதாயிற்று.

அதனால் சொல்கிறேன், அறைகளுக்கு மார்க்கர் பேனாவால் எண் போடுங்கள். எந்த அறையின் கூடு இறுகுகிறது என்று நாலைந்து சுற்று குறித்துப் பாருங்கள். எப்போதும் அதே அறைகள் என்றால் பிசிறையோ சுவரையோ சந்தேகப்படலாம். முதல் சில சுற்றுகள் நன்றாக வந்து, போகப் போக எல்லாமே இறுகினால் பெரும்பாலும் அழுக்குதான். ரிம்ஃபையர் தோட்டாவில் மெழுகும் ஈயமும் கரியும் சேர்ந்து படியும். .22 ஷார்ட் தோட்டாவை, அதைவிட நீளமான .22 லாங் ரைஃபிள் தோட்டாவுக்கான அறையில் போட்டுச் சுடுபவர்களுக்கு இது இன்னும் அதிகம். ஷார்ட் கூடு 10.7 மி.மீ., லாங் ரைஃபிள் கூடு 15.6 மி.மீ.; குட்டைக் கூடு முடியும் இடத்துக்கு முன்னால் கரி வளையம் கட்டிக்கொள்கிறது. அதற்கு வெண்கலத் தூரிகையும் கரைப்பானும் போதும். எஜெக்டர் தண்டின் முனையில் கூடுகளின் விளிம்பைத் தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டின் அடியில் வெடிமருந்துத் துகள் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். கூடுகளைத் தள்ளும்போது குழல் வாய் மேல்நோக்கி இருந்தால் துகள் அங்கே சேராது.

இறுகிய கூட்டைத் தள்ளும் முன் ஆறும் சுட்ட கூடுகள்தானா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ரிம்ஃபையரில் தீமருந்து விளிம்புக்குள்தான் இருக்கிறது. வெடிக்காத தோட்டா உள்ளே இருக்கும்போது எஜெக்டரைச் சுத்தியலால் தட்டவோ, விளிம்பைத் திருப்புளியால் நெம்பவோ கூடாது.

பட்டறைக்குப் போனால் எண் போட்ட கூடுகளைக் கையோடு கொண்டுபோங்கள். அவற்றைப் பார்க்காமலே, அளவும் எடுக்காமலே தேய்த்துத் தருகிறேன் என்பவரிடம் சிலிண்டரைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.