மழைக்கு ரசீது கேட்டேன்: பழைய வானிலையோடு ஒப்பிட்டுக் காட்டும் ஒரு தளத்துடன் ஓராண்டு

தணிக்கை வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எந்த எண்ணைப் பார்த்தாலும் அதற்கு ரசீது எங்கே என்று கை தேடும். இருபத்திரண்டு ஆண்டுகளாக மற்றவர்களின் பேரேடுகளைப் புரட்டிக்கொண்டிருக்கும் நான், ஆறு ஆண்டுகளாக மொட்டைமாடியில் ஒரு மழைமானியும் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் ஒரே நேரத்துக்கு மேலே போய், அளவுக் குழாயைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, நீர்மட்டத்தின் அடிவளைவு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவேன். மழை பெய்யாத நாளிலும் 0 என்று எழுதிவிடுவேன். ஊரில் இல்லாமல் பார்க்க முடியாத நாளுக்கு ஒரு கோடு போடுவேன். பூஜ்யம் வேறு, கோடு வேறு. இந்த மதிப்புரையில் நான் சொல்லப்போவதில் பாதி அந்த வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

நான் ஓராண்டுச் சந்தா கட்டிப் பயன்படுத்திய தளம் இது: நகரத்தின் பெயரைக் கொடுத்தால், இந்தப் பருவத்தின் அதிகபட்ச வெப்பநிலை, குறைந்தபட்ச வெப்பநிலை, மழையளவு மூன்றையும் பழைய ஆண்டுகளோடு வைத்துக் காட்டும். கடந்த ஆண்டுகள் எல்லாம் சாம்பல் நிறப் பட்டையாக விரிந்திருக்கும். நடுவில் சராசரி ஒரு கருப்புக் கோடு. இந்த ஆண்டு அதன் மேல் சிவப்பாக ஏறி இறங்கும். பெயரைச் சொல்லவில்லை. இதே தரவை எடுத்து வேறு வேறு வண்ணத்தில் காட்டும் தளங்கள் பல இருக்கின்றன. நான் சொல்வதை அவற்றில் எதனோடும் ஒட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

சந்தா கட்டியதற்குக் காரணம், கோடையில் எல்லோர் வாயிலும் இருந்த ஒரு வாக்கியம்: "இப்படி ஒரு வெயிலைப் பார்த்ததே இல்லை." போன கோடையிலும் இதையேதான் சொன்னார்கள், நானும் சொன்னேன். மனிதனின் நினைவு வெயிலை நான்கைந்து ஆண்டுகளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. அதனால் பழைய பதிவைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று தோன்றியது.

வெப்பநிலைப் பக்கத்தை முதலில் பாராட்டிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையாகவே நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது. எந்த 30 ஆண்டுகளோடு ஒப்பிட வேண்டும் என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். உலக வானிலை அமைப்பு இப்போது பயன்படுத்தச் சொல்வது 1991 முதல் 2020 வரையிலான சராசரியை. பத்தாண்டுக்கு ஒரு முறை இது முன்னே நகரும். நீண்டகால மாற்றத்தை அளக்க 1961 முதல் 1990 வரையிலான சராசரியையும் அந்த அமைப்பு விடாமல் வைத்திருக்கிறது. இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான பதில்கள். ஒரே கோடை மாதத்தை இரண்டோடும் வைத்துப் பார்த்தேன். புதிய சராசரியோடு ஒப்பிட்டபோது 0.4 டிகிரி செல்சியஸ் கூடுதல், பழையதோடு ஒப்பிட்டபோது 1.1 டிகிரி கூடுதல். மாதம் மாறவில்லை, ஊர் மாறவில்லை, தொடக்க இருப்பு மாறியது. செய்தியில் "வழக்கத்தைவிட இத்தனை டிகிரி அதிகம்" என்று படிக்கும்போதெல்லாம், எந்த வழக்கம் என்று கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்த ஒரு பொத்தான்தான்.

இன்னொன்றையும் அந்தப் பக்கம் காட்டியது. பகல் வெப்பநிலையில் இந்தக் கோடை எந்தப் பழைய சாதனையையும் தொடவில்லை. ஆனால் குறைந்தபட்ச வெப்பநிலைக்குப் போனால், 41 இரவுகள் தொடர்ந்து சிவப்புக் கோடு சராசரிக்குக் கீழே இறங்கவே இல்லை. நாங்கள் எல்லோரும் பகல் வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தோம். தூக்கம் கெட்டது இரவால். கான்கிரீட்டும் தாரும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் மெல்ல மெல்ல விடுவதால், நகரங்களின் சூடு பெரும்பாலும் குறைந்தபட்ச வெப்பநிலையில்தான் முதலில் தெரியும். வெறும் அன்றாடச் சராசரியை மட்டும் காட்டும் தளமாக இருந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

சராசரி என்றதும் ஒரு சிறு எச்சரிக்கை. பழைய வானிலை நிலையங்கள் பலவற்றில் அன்றைய சராசரி என்பது அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தது. இப்போது பல இடங்களில் மணிக்கு மணி வரும் 24 அளவுகளின் சராசரியைப் போடுகிறார்கள். இரண்டும் ஒரே எண்ணாக வர வேண்டிய அவசியமில்லை. ஒரு டிகிரியில் சில பத்தில் ஒரு பங்குகளை வைத்து ஆண்டுகளைத் தரம் பிரிக்கும்போது, முறை மாறிய இடத்தைக் குறிக்காமல் விடுவது சரியல்ல. இந்தத் தளம் அதைக் குறிப்பிடுகிறது, உதவிப் பக்கத்தின் நடுவில், தேடினால் கிடைக்கும் இடத்தில்.

சாதனைப் பக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. "வரலாற்றிலேயே அதிகம்" என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அவர்களுடைய வரலாறு 1940இல் தொடங்குகிறது. மத்திய இங்கிலாந்தின் மாதாந்திர வெப்பநிலைத் தொடர் 1659இலிருந்து இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், 1940 என்பது நேற்றைக்கு முன்தினம்தான். தவிர, சாதனை என்ற சொல்லை நீட்டுவதற்கு முன் ரசீதைப் பார்க்க வேண்டும். லிபியாவின் அல் அஜீஜியாவில் 1922 செப்டம்பர் 13 அன்று 58 டிகிரி பதிவானதாக எழுதப்பட்டு, உலகின் உச்ச வெப்பநிலை என்று 90 ஆண்டுகள் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருந்தது. 2012இல் உலக வானிலை அமைப்பு அதை நீக்கியது. மூலப் பதிவேட்டின் தாளை எடுத்துப் பார்த்தபோது, கருவிக்குப் புதியவரான ஒருவர் அளவைச் சுமார் 7 டிகிரி கூடுதலாகப் படித்திருக்கக்கூடும் என்று தெரிந்தது. தாள் இருந்ததால் தவறு கண்டுபிடிக்கப்பட்டது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள்தான்.

இனி மழை. என் மனக்குறை முழுவதும் இங்கேதான்.

மழைக்காலத்தின் மூன்றாம் வாரத்தில் ஒரு மாலை. ஆறு மணிக்கு இருட்டிக்கொண்டு வந்து, ஒன்றே முக்கால் மணி நேரம் கொட்டித் தீர்த்தது. தெருவில் வண்டிகளின் பாதிச் சக்கரம் வரை தண்ணீர். மறுநாள் காலை மழைமானியின் உள்குழாய் நிரம்பி, வெளிக்குழாயிலும் தண்ணீர் இருந்தது. இரண்டு தவணையாக ஊற்றி அளந்தேன்: 83 மி.மீ. ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். எங்கள் மொட்டைமாடி 100 சதுர மீட்டர். 8,300 லிட்டர் தண்ணீர் என் தலைக்கு மேல் விழுந்திருக்கிறது. தளத்தைத் திறந்தேன். அந்த நாளுக்கு நேரே 19 மி.மீ. என்று இருந்தது. "இந்தப் பருவத்தில் இதுவரை குறிப்பிடத்தக்க கனமழை இல்லை" என்று ஒரு வரியும் இருந்தது. அந்த வரியைப் படித்தபோது கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில், சிறு எழுத்தில் விடை இருந்தது. அந்த எண் அளக்கப்பட்டது இல்லை, கணக்கிடப்பட்டது. ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை முன்கணிப்பு மையம் தயாரிக்கும் ஈ.ஆர்.ஏ.5 என்ற மறுபகுப்பாய்வுத் தரவு அது. நிலையங்கள், கப்பல்கள், விமானங்கள், செயற்கைக்கோள்கள் தரும் அளவுகளையெல்லாம் வளிமண்டலத்தைக் கணினியில் கணக்கிடும் ஒரு வானிலை மாதிரிக்குள் செலுத்தி, 1940 முதல் மணிக்கு மணி உலகம் முழுவதற்கும் வளிமண்டலம் எப்படி இருந்திருக்கும் என்று திரும்பக் கட்டியெழுப்பிய பெரும் உழைப்பு. அதை நான் மதிக்கிறேன். அளவி வைக்க ஆளே இல்லாத கடலுக்கும் பாலைக்கும் கூட அது ஒரு தொடர்ச்சியான கணக்கைத் தருகிறது. ஆனால் அது உலகைக் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்கிடுகிறது, கட்டம் ஒன்றின் பக்கம் சுமார் 31 கி.மீ. ஒரு கட்டத்துக்குள் ஏறக்குறைய 960 சதுர கி.மீ. அடங்கும். என் தெருவைக் கழுவிவிட்டுப் போன இடிமேகம் சில கி.மீ. அகலம்தான் இருந்திருக்கும். நகரின் இந்த முனையில் வெள்ளம், அந்த முனையில் காய்ந்த சாலை. எல்லாவற்றையும் ஒரு கட்டத்துக்குள் பரப்பினால் பெருமழை மெலிந்து போகும்.

வெப்பநிலையில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. ஒரு மாதம் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தால், நூற்றுக்கணக்கான கி.மீ. தூரத்துக்கு அந்தச் சூடு சேர்ந்தே இருக்கும். அதனால்தான் அதே தரவை வைத்துக்கொண்டு வெப்பநிலைப் பக்கம் நன்றாக அமைந்தது. மழை அப்படிச் சேர்ந்து நடக்காது. இரண்டு பக்கங்களையும் ஒரே வண்ணத்தில், ஒரே தன்னம்பிக்கையோடு காட்டுவதுதான் இந்தத் தளத்தின் பெரிய குறை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. என் நோட்டில் சுத்தமாக 0 என்று இருக்கும் நாட்களில் தளம் ஒன்று, ஒன்றரை மி.மீ. தூறலைக் காட்டியது. மாதிரிகளுக்கு அடிக்கடி லேசாகத் தூறும் குணம் உண்டு என்பது இத்துறையில் தெரிந்த விஷயம். அதனால் "மழை நாட்கள்" என்ற ஒப்பீட்டை நான் திறப்பதே இல்லை. பருவத்தின் மொத்த மழையில் மட்டும் கூடுதலும் குறைவும் ஓரளவு ஈடுகட்டிக்கொண்டன. என் மழைமானியும் ஒரே ஒரு புள்ளிதான், மாடியில் காற்று சுழன்றால் துளிகள் வெளியே போய்விடும் என்பதையும் சொல்ல வேண்டும். முறைப்படி அது தரையில், பக்கத்துச் சுவரிலிருந்து அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். எனக்குத் தரை இல்லை.

தளத்தில் "நிலையப் பதிவு" என்று இன்னொரு தேர்வும் உண்டு. அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிர்வாகம் தொகுத்து வைத்திருக்கும் அன்றாடத் தரவிலிருந்து எடுக்கிறார்கள். உலகெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் அதில் இருக்கின்றன, பலவற்றில் மழையளவு மட்டும். இதுவல்லவா ரசீது என்று ஆசையோடு திறந்தேன். 1970களில் ஓர் ஆண்டு, நகரத்தின் மிக வறண்ட ஆண்டாக முதலிடத்தில் இருந்தது. அந்த ஆண்டைப் பற்றி வீட்டில் யாருக்கும் பஞ்ச நினைவு இல்லை. மூலக் கோப்பை இறக்கிப் பார்த்தேன். மழைக்காலத்தில் ஏழு வாரங்களுக்கு எந்த வரியுமே இல்லை. கருவி பழுதோ, ஆள் மாற்றமோ, தாள் தொலைந்ததோ, பதிவு விடுபட்டிருக்கிறது. மூலக் கோப்பில் அது வெற்றிடமாகத்தான் இருந்தது. தளம் அதைப் பூஜ்யமாக்கி, கூட்டி, வறட்சிக்குப் பட்டம் கொடுத்துவிட்டது. கோடு போட வேண்டிய இடத்தில் 0.

உடனே எழுதினேன், தேதிகளோடு. ஒன்பதாம் நாள் பதில் வந்தது. தவறை ஒப்புக்கொண்டார்கள். இரண்டு வாரத்தில் அந்த ஆண்டு பட்டியலிலிருந்து இறங்கி, "பதிவு முழுமையில்லை" என்ற குறிப்புடன் தனியாக நின்றது. இந்த நேர்மைக்காக ஒரு நட்சத்திரம் கூடக் கொடுக்கலாம். கணக்கிடப்பட்ட மழைக்கும் அளக்கப்பட்ட மழைக்கும் வேறு நிறம் கொடுங்கள் என்ற என் இரண்டாவது கோரிக்கைக்கு, பரிசீலிக்கிறோம் என்றார்கள். ஐந்து மாதம் ஆகிறது.

பயன்படுத்தப்போகிறவர்களுக்கு இன்னும் சில சொல்கிறேன். மழைக்குச் சராசரியைவிட நடுமதிப்பை, அதாவது ஆண்டுகளை மழையளவுப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணை, தேர்ந்தெடுங்கள். ஒரே ஒரு புயல் ஆண்டு சராசரியைத் தூக்கிவிடும், பிறகு சாதாரண ஆண்டுகள் எல்லாம் குறைமழை ஆண்டுகளாகத் தெரியும். பருவத்தின் தொடக்கத் தேதியை நாமே வைக்கும் வசதி அமைப்புப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். மழைக்காலம் டிசம்பர் 31இல் நின்றுகொள்வதில்லை. சிரபுஞ்சியின் புகழ்பெற்ற ஓராண்டு மழையான 26,470 மி.மீ. கூட 1860 ஆகஸ்டு முதல் 1861 ஜூலை வரை பெய்தது. அன்றாட ஒப்பீட்டில் ஒரு நாள் முன்பின்னாக இருந்தால் பதற வேண்டாம். பல நாடுகளில் மழையைக் காலையில் அளக்கிறார்கள். அதை அன்றைய தேதியில் எழுதுவதா, முந்தைய தேதியில் எழுதுவதா என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

என் மதிப்பெண்: வெப்பநிலைக்கு ஐந்துக்கு நான்கரை, மழைக்கு இரண்டு, வாடிக்கையாளர் கடிதத்துக்குப் பதில் சொல்லும் முறைக்கு நான்கு. சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன், வெப்பநிலைப் பக்கத்துக்காக. வெள்ள வடிகால் கணக்குக்கோ, பயிர்க் காப்பீட்டு வழக்குக்கோ அன்றாட மழையளவு தேவைப்படுகிறவர்கள் இதை நம்பி ஒரு தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். வானிலைத் துறையில் நிலையப் பதிவின் நகலை வாங்குங்கள்.

நேற்று மாலை தொடங்கிய மழை இடியில்லாமல், காற்றில்லாமல், விடியும்வரை ஒரே சீராக நகரம் முழுவதும் பெய்தது. இப்படிப் பரவிப் பெய்யும் மழையைக் கட்டங்கள் நன்றாகப் பிடிக்கும். காலையில் நோட்டில் 12.4 என்று எழுதினேன். தளத்தின் எண் சில நாள் கழித்துத்தான் ஏறும். பக்கத்தில் அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.